4 பவுண்டு 20 பென்ஸ் கட்டியும் வந்த 100 பவுண்டு நோட்டீஸ்

பக்கத்து வீட்டு அக்கா அந்தக் கவரை என்னிடம் கொண்டுவந்து கொடுத்தது 2025 மார்ச் 23, ஞாயிற்றுக்கிழமை மாலை. ஏற்கெனவே பிரித்துப் படித்து, நாலாக மடித்து, ஒன்பது நாள் சாமிப் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்த கவர். "தம்பி, இதைக் கட்டிப்போட்டு நிம்மதியா இருப்பமோ எண்டு யோசிக்கிறன்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா நான் காசு கட்டினனான் தம்பி" என்றார்.

அவர் யாழ்ப்பாணம், நான் தஞ்சாவூர்ப் பக்கம். லண்டனின் ஹாரோவில் ஒரே தெருவில் ஒன்பது வருடமாக இருக்கிறோம். அவர் வீட்டுக் கடிதங்களை நான் படித்துச் சொல்வதும், என் வீட்டுக்கு ஒடியல் கூழ் வருவதும் வழக்கம். காசு கட்டிய ஒருவர் கட்டாதவரைப் போலப் பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தது எனக்குத் தாங்கவில்லை. அப்படித்தான் இதை எடுத்துக்கொண்டேன். அக்காவின் சம்மதத்தோடு, பெயர்களை விட்டுவிட்டு, முழுக் கதையையும் எழுதுகிறேன். எங்கே சரியாகச் செய்தோம், எங்கே நான் கோட்டை விட்டேன் என்று தெரிந்தால் இன்னொருவருக்கு உதவும்.

நடந்தது

மார்ச் 8, சனிக்கிழமை. உறவில் ஒரு கல்யாணம். சேலை எடுக்கவும், பிளவுஸ் தைக்கக் கொடுக்கவும் அக்கா வெம்ப்ளி பக்கம் போயிருக்கிறார். கடைகளுக்குப் பின்னால் ஒரு தனியார் நிறுத்துமிடம். தடுப்புக் கட்டை கிடையாது. உள்ளே நுழையும் இடத்தில் கம்பத்தில் ஒரு கேமரா மட்டும் இருக்கும். வரும்போதும் போகும்போதும் அது நம்பர் பிளேட்டைப் படம் பிடிக்கும். அந்த எண்ணுக்குப் பணம் வந்திருக்கிறதா என்று கணினி ஒப்பிட்டுப் பார்க்கும். வரவில்லை என்றால் நோட்டீஸ் போகும்.

கார் உள்ளே நுழைந்தது 11:02. அக்கா ஆப்பில் மூன்று மணி நேரத்துக்குப் பணம் கட்டியது 11:06. கட்டணம் 4 பவுண்டு 20 பென்ஸ், அதற்கு மேல் சேவைக் கட்டணம் 20 பென்ஸ். வெளியே வந்தது 13:43. மூன்று மணி நேரத்துக்குக் கட்டிவிட்டு இரண்டு மணி நாற்பத்தொரு நிமிடம்தான் இருந்திருக்கிறார்.

பிரச்சினை எண்ணில். வீட்டில் இரண்டு கார். பழையது லெஸ்டரில் படிக்கும் மகளிடம் போய்விட்டது. ஜனவரியில் வாங்கிய காரைத்தான் இப்போது அக்கா ஓட்டுகிறார். புதிய எண்ணை அவரே ஆப்பில் சேர்த்தும் இருக்கிறார். ஆனால் ஆப்பைத் திறந்ததும் தானாக வந்து நிற்பது பழைய கார்தான். அதை யாரும் மாற்றவில்லை. எனக்குத் திறந்து காட்டினார். தொகை பெரிய எழுத்தில், அதன் கீழே அகலமான பச்சைப் பொத்தான். கார் எண் மேலே சாம்பல் நிறத்தில், என் கண்ணாடியைக் கழற்றினால் தெரியாத அளவில் இருந்தது. வெயிலில், பின்னால் இன்னொரு கார் ஹாரன் அடிக்க, அதை யார் பார்ப்பார்கள்? ரசீது மின்னஞ்சலில் வந்திருந்தது, அதிலும் லெஸ்டர் காரின் எண். அக்கா அதைத் திறக்கவே இல்லை. 4 பவுண்டு ரசீதை யாரும் திறப்பதில்லை.

ஆக, பணம் போய்ச் சேர்ந்துவிட்டது. ஆனால் அந்த நிறுவனத்தின் கணக்கில், உள்ளே இருந்த காருக்குப் பணம் வரவில்லை. பணம் வந்த கார் வேறு.

அந்தக் காகிதம் என்ன

கவரின் தலைப்பில் இருந்தது 'பார்க்கிங் சார்ஜ் நோட்டீஸ்'. உள்ளாட்சி அமைப்பான கவுன்சிலிடமிருந்து வருவது 'பெனல்டி சார்ஜ் நோட்டீஸ்'. இரண்டையும் சுருக்கினால் பி.சி.என். எழுத்துரு, மஞ்சள் கறுப்பு ஓரம், கீழே பணம் கட்டும் சீட்டு எல்லாம் ஒன்றுபோலவே இருப்பதால் பெரியவர்கள் இதை அரசாங்கத்து அபராதம் என்றே நினைக்கிறார்கள். இது அபராதமில்லை. நுழைவில் இருக்கும் பலகையைப் பார்த்துவிட்டு நீங்கள் காரை நிறுத்தினால் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டீர்கள், அதை மீறியதற்கு இவ்வளவு தொகை என்று ஒரு தனியார் நிறுவனம் கேட்கிறது. அவ்வளவுதான் இதன் சட்ட வடிவம்.

இதைச் சொன்னதும், "அப்ப குப்பையில போட்டா என்ன? என்ர தம்பி அப்பிடித்தான் செய்யிறவன்" என்றார் அக்கா. நம்மவர்களிடையே இன்னும் உலவும் பழைய யோசனை இது. ஒரு காலத்தில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அது பலித்தது, ஏனென்றால் ஓட்டியவர் யார் என்று நிறுவனத்துக்குத் தெரியாது. 2012 அக்டோபர் 1 முதல் நிலைமை வேறு. அன்று நடைமுறைக்கு வந்த சட்டம் தனியார் நிலத்தில் சக்கரத்துக்குப் பூட்டுப் போடுவதைத் தடை செய்தது. அதற்கு ஈடாக, ஓட்டியவர் பெயர் தெரியாவிட்டால் காரின் பதிவாளரிடமே, அதாவது கார் யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவரிடமே, தொகையைக் கேட்கும் உரிமையைக் கொடுத்தது. பதிவாளரின் பெயரையும் முகவரியையும், வாகனப் பதிவைக் கவனிக்கும் அரசு அமைப்பான டி.வி.எல்.ஏ. ஒரு விசாரணைக்கு 2 பவுண்டு 50 பென்ஸ் வாங்கிக்கொண்டு நிறுவனங்களுக்குக் கொடுக்கிறது. அப்புறம் 2015 நவம்பரில் பிரிட்டன் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று வந்தது, அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். குப்பையில் போடுகிறவருக்கு இன்று கிடைப்பது கோர்ட் கடிதம்தான்.

கார் அக்காவின் கணவர் பெயரில் பதிவாகியிருந்தது, அவரை நான் அத்தான் என்றுதான் கூப்பிடுவேன். நோட்டீஸும் அவர் பெயருக்குத்தான் வந்தது. அவருக்கு இன்னும் கோபம், அக்காமீது.

முதலில் தேதி

இப்படி ஒரு கடிதம் கைக்கு வந்தால் நான் தொகையைப் பார்ப்பதற்கு முன் தேதியைப் பார்ப்பேன். கண்ணாடியில் சீட்டு ஒட்டாமல் கேமராவை வைத்து அனுப்பும் நோட்டீஸ், கார் நின்ற நாளுக்கு மறுநாளிலிருந்து 14 நாளுக்குள் பதிவாளர் கைக்குப் போய்ச் சேர வேண்டும். தபாலில் போட்ட நாளுக்குப் பிறகு இரண்டாவது வேலை நாளில் சேர்ந்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். தாமதமானால் பதிவாளரிடம் கேட்கும் உரிமை போய்விடும், ஓட்டியவரிடம் மட்டும்தான் கேட்க முடியும். அதனால்தான் அனுபவசாலிகள் 'ஓட்டியது யார் என்று எழுதாதே, பதிவாளராகவே எழுது' என்கிறார்கள்.

எங்கள் கணக்கு இது. கார் நின்றது மார்ச் 8, கடிதத்தின் தேதி மார்ச் 12, சேர்ந்ததாகக் கொள்ளும் நாள் மார்ச் 14. கெடு மார்ச் 22 வரை. அவர்கள் சரியான நேரத்தில் அனுப்பிவிட்டார்கள். அந்தக் கதவு எங்களுக்குத் திறக்கவில்லை. ஆகவே ஓட்டியவர் பெயரை மறைப்பதில் எங்களுக்கு லாபம் எதுவும் இல்லை, நடந்ததை நடந்தபடி சொல்வதுதான் பலம் என்று முடிவு செய்தேன். வேறொரு தேதிக் கணக்காக இருந்திருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

தொகை 100 பவுண்டு, 14 நாளுக்குள் கட்டினால் 60. அந்தப் 14 நாள் மார்ச் 26-இல் முடிகிறது. கையில் மூன்று நாள் இருந்தது.

எண்ணைத் தவறாகப் போட்டால்

இதற்கென்றே ஒரு விதி இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. நிறுத்துமிட நிறுவனங்களின் சங்கமான பிரிட்டிஷ் பார்க்கிங் அசோசியேஷன் 2020 ஜனவரியில் வெளியிட்ட நடத்தை நெறிமுறை, எண்ணைப் பதியும்போது வரும் தவறுகளைச் சிறியவை, பெரியவை என்று பிரித்தது. ஒரே ஓர் எழுத்து மாறிப்போவது, 'ஓ' என்ற எழுத்துக்குப் பதில் பூஜ்யம் போடுவது சிறிய தவறு. பிரிட்டிஷ் நம்பர் பிளேட்டில் அந்த எழுத்தும் பூஜ்யமும் ஒரே வடிவம்தான், அளவெடுத்துப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது. அப்படிப்பட்ட தவறுக்கு வந்த நோட்டீஸை, முறையிட்டதும் ரத்து செய்ய வேண்டும். கணவன் அல்லது மனைவியின் கார் எண்ணைப் போட்டுவிடுவது, முற்றிலும் வேறு எண்ணைப் போடுவது, எண்ணில் சில எழுத்தை மட்டும் போடுவது எல்லாம் பெரிய தவறு. காசு கட்டியதற்கு ஆதாரம் இருந்தால் அப்போது தொகையை 20 பவுண்டாகக் குறைத்து, கட்ட 14 நாள் கொடுக்க வேண்டும். 2024 ஜூனில் இந்தத் துறையின் இரண்டு சங்கங்களும் சேர்ந்து ஒரே நெறிமுறையை வெளியிட்டன, அது அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் மேல்முறையீட்டுச் சாசனத்திலும் இந்தப் பிரிவினை தொடர்கிறது.

அக்காவுடையது பெரிய தவறு, அதில் சந்தேகமில்லை. 20 பவுண்டு கேட்டிருந்தால் கட்டச் சொல்லியிருப்பேன். தவறு நம் பக்கம், தேடிப் பார்த்த செலவு அவர்கள் பக்கம், 20 பவுண்டில் முடித்துக்கொள்வது நியாயம்தான். ஒரு பைசாகூடக் கொடுக்காதே என்று சொல்கிறவர்களோடு இதில் எனக்கு உடன்பாடில்லை.

மார்ச் 24 இரவு அத்தான் பெயரில் நிறுவனத்தின் தளத்தில் முறையீட்டை அனுப்பினோம். தமிழில் சொன்னால் இவ்வளவுதான்:

"மார்ச் 8 அன்று 11:06-க்கு உங்கள் இடத்துக்கு மூன்று மணி நேரக் கட்டணம் 4.20 பவுண்டு செலுத்தப்பட்டது. ஆப்பின் ரசீதும் வங்கிக் கணக்கின் பக்கமும் இணைக்கப்பட்டுள்ளன. எங்கள் குடும்பத்தின் இன்னொரு காரின் எண் ஆப்பில் தானாகத் தேர்வாகியிருந்தது. இரண்டு காரின் பதிவுப் புத்தகங்களும் ஒரே முகவரியைக் காட்டுகின்றன. இது எண்ணைப் பதிந்ததில் வந்த தவறு, கட்டணம் தவிர்க்கப்படவில்லை. உங்கள் நெறிமுறையில் இதற்குச் சொல்லப்பட்டுள்ளபடி நடந்துகொள்ளுங்கள்."

படிக்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதில் ஓர் ஓட்டை இருந்தது. அப்போது எனக்குத் தெரியவில்லை.

மறுப்பு

பதில் ஏப்ரல் 17 அன்று வந்தது. நாலு பத்தி. முழுப் பதிவு எண்ணையும் சரியாகப் பதிவது ஓட்டுநரின் பொறுப்பு, உங்கள் காருக்குப் பணம் வரவில்லை, பலகைகள் தெளிவாக உள்ளன, ஆகவே முறையீடு நிராகரிக்கப்படுகிறது. நாங்கள் இணைத்த ரசீதைப் பற்றி ஒரு சொல் இல்லை. 20 பவுண்டைப் பற்றியும் ஒரு சொல் இல்லை. இன்னும் 14 நாளுக்கு 60 பவுண்டு சலுகை உண்டு, இல்லையென்றால் பாப்லாவுக்குப் போகலாம், அதற்கான குறியீடு இது, ஆனால் பாப்லாவுக்குப் போனால் சலுகை போய்விடும்.

பாப்லா என்பது பிரிட்டிஷ் பார்க்கிங் அசோசியேஷனின் உறுப்பு நிறுவனங்கள் அனுப்பும் நோட்டீஸ்களுக்கான சுயேச்சையான மேல்முறையீட்டு அமைப்பு. இன்னொரு சங்கத்தின் உறுப்பினர்களுக்கு வேறு அமைப்பு உண்டு. எந்தச் சங்கம் என்று நோட்டீஸிலேயே போட்டிருக்கும். பாப்லாவுக்குப் போகக் கட்டணம் இல்லை. அதன் தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும், காரோட்டியைக் கட்டுப்படுத்தாது. நிராகரிப்பு வந்த 28 நாளுக்குள் போக வேண்டும்.

அன்று இரவு அவர்கள் வீட்டு மேசையில் நடந்த பேச்சு எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. அத்தான் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "அறுபதைக் கட்டி விடுவம், சனியன் துலையட்டும்" என்றார். அக்கா என்னைப் பார்த்து, "கட்டாட்டி அவை வீட்டை வந்து சாமான் தூக்குவினமோ தம்பி?" என்று கேட்டார். இந்தப் பயத்தை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். கடனுக்காகவும் போருக்காகவும் வீட்டை இழந்தவர்கள் நம்மில் அதிகம், அதிகாரத் தோரணையில் ஒரு கடிதம் வந்தால் கை நடுங்கும். நான் தெளிவாகச் சொன்னேன்: கோர்ட் தீர்ப்பு வந்து, அதற்குப் பிறகும் கட்டாமல் விட்டால்தான் பெய்லிஃப் என்ற பேச்சே வரும். கடன் வசூல் நிறுவனம் கடிதம் எழுதலாம், கூடுதலாக 70 பவுண்டுவரை சேர்த்துக் கேட்கலாம், வாசலைத் தாண்ட அதற்கு உரிமை கிடையாது.

மீதி இருந்தது 40 பவுண்டுக் கணக்கு. இப்போது கட்டினால் 60, பாப்லாவில் தோற்றால் 100. நியாயம் தன் பக்கம் இருந்தும் ஒருவரைக் கட்ட வைப்பது இந்த 40 பவுண்டு வித்தியாசம்தான். இது எனக்கு உறுத்துகிறது. மேல்முறையீடு செய்ததற்காக ஒருவர் அதிகம் கட்ட வேண்டியிருந்தால் அந்த மேல்முறையீடு பாதிதான் இலவசம். அக்கா ஒரு நாள் யோசித்துவிட்டு, "நான் காசு கட்டினனான். நாங்கள் போவம்" என்றார்.

பாப்லாவில்

ஏப்ரல் 28 அன்று அனுப்பினோம். கல்யாணம், சேலை, வெயில், ஹாரன் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். அக்காவுக்கு அதில் வருத்தம். ஆனால் பாப்லா மதிப்பீட்டாளர் மன்னிப்புக் கொடுக்க உட்கார்ந்திருப்பவர் இல்லை. நோட்டீஸ் முறைப்படி கொடுக்கப்பட்டதா, நெறிமுறையும் சட்டமும் பின்பற்றப்பட்டனவா என்றுதான் பார்ப்பார். ஆகவே ஒரே ஒரு வாதத்தை வைத்தேன். கட்டணம் வந்தது, தவறு பெரிய வகைத் தவறு, அந்த வகைக்கு நெறிமுறை சொல்வதை நிறுவனம் செய்யவில்லை.

மே 19 அன்று நிறுவனம் தன் ஆதாரத் தொகுப்பைப் பதிவேற்றியது. முப்பதுக்கும் மேற்பட்ட பக்கம். பலகைகளின் படம், நிலச் சொந்தக்காரரோடு உள்ள ஒப்பந்தம், கேமராவின் இரண்டு படம். அப்புறம் அன்றைய கட்டணப் பட்டியல், மற்றவர்களின் எண்களில் பாதி எழுத்து கறுப்பால் மறைக்கப்பட்டு. நான் விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினேன். 11:04, 11:05. அப்புறம் 11:06, 4.20 பவுண்டு, எண்ணின் கடைசி மூன்று எழுத்து மட்டும் வெளியே தெரிந்தது. அது மகளுடைய கார். பணம் வரவில்லை என்று எழுதியவர்கள் பணம் வந்த வரியைத் தாங்களே அச்சடித்து அனுப்பியிருந்தார்கள்.

அதற்குக் கீழேயே அவர்களின் வாதமும் இருந்தது: 'முறையீட்டாளர் காட்டும் கட்டணம் வேறொரு வாகனத்துக்கானது. அந்த வாகனமும் அன்று இடத்தில் நின்றிருக்கலாம்.'

இதைப் படித்ததும்தான் என் முதல் கடிதத்தின் ஓட்டை தெரிந்தது. அவர்கள் கேட்பது நியாயமான கேள்வி. ஒரு வீட்டில் இரண்டு கார். இரண்டும் வந்திருக்கலாம், ஒன்றுக்கு மட்டும் கட்டியிருக்கலாம், பிறகு அந்த ஒரே ரசீதை இரண்டாவது காருக்கும் காட்டலாம். அப்படி ஏமாற்றுகிறவர்களும் இருப்பார்கள். பணம் போனதை மட்டும் நான் காட்டியிருந்தேன். அந்தப் பணத்துக்கு உரிய மற்ற கார் அங்கே இல்லை என்பதைக் காட்டவில்லை. இந்த வகை வழக்கில் இரண்டும் வேண்டும். மார்ச் 24 அன்றே இரண்டையும் அனுப்பியிருந்தால் மே மாதம் வரை வந்திருக்காது என்று இன்றும் நினைக்கிறேன்.

நிறுவனத்தின் ஆதாரத்துக்குப் பதில் எழுத ஏழு நாள்தான். கார் லெஸ்டரில் நின்றது என்று சொன்னால் போதாது, காட்ட வேண்டும். மே 21 இரவு அக்கா மகளுக்கு ஃபோன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். மார்ச் 8 அன்று எங்கே இருந்தாய், கார் எங்கே நின்றது என்று கேட்டோம். அவள் கொஞ்ச நேரம் ஃபோனை நோண்டிவிட்டுச் சொன்னாள்: "அம்மா, அண்டைக்கு கார் கராஜில எல்லோ நிண்டது. எம்.ஓ.டி. செய்யக் குடுத்தனான்."

மூன்று வயதைத் தாண்டிய கார்களுக்கு ஆண்டுதோறும் செய்யும் கட்டாயப் பரிசோதனை அது. சான்றிதழில் கார் எண், பரிசோதித்த தேதி, ஓடிய மைல், பரிசோதித்த இடம் எல்லாம் அச்சாகியிருக்கும். கார் எண்ணை மட்டும் வைத்து அரசாங்கத் தளத்தில் அந்தத் தேதியை யாரும் சரிபார்க்கலாம். மார்ச் 8 என்ற தேதியோடு, லெஸ்டர் முகவரியோடு சான்றிதழ் இருந்தது. பகல் 12:50-க்குக் கராஜிலிருந்து 'கார் தயார், எடுத்துக்கொள்ளலாம்' என்று வந்த குறுஞ்செய்தியையும் அவள் அழிக்காமல் வைத்திருந்தாள். வெம்ப்ளியில் 11:06-க்குப் பணம் கட்டப்பட்ட கார், நூறு மைல் தள்ளி ஒரு கராஜின் ஜாக்கியில் நின்றிருக்கிறது. அக்கா ஸ்பீக்கரை அணைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மே 24 அன்று அனுப்பிய பதிலில் மூன்று விஷயம் மட்டும் எழுதினேன். உங்கள் பட்டியலிலேயே எங்கள் கட்டணம் இருக்கிறது. மற்ற கார் அன்று லெஸ்டரில் இருந்தது, இதோ சான்றிதழ், இதோ குறுஞ்செய்தி. நுழையும் ஒவ்வொரு காரையும் உங்கள் கேமரா படம் பிடிக்கிறது. அந்தக் கார் வந்திருந்தால் அதன் படம் உங்களிடம்தான் இருக்கும், அதைக் காட்டுங்கள். இந்தக் கடைசி வரியைத்தான் நான் முதல் நாளே எழுதியிருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் தீர்த்துக்கொள்ளும் வழி முழுவதும் அவர்கள் கையில்தான் இருந்தது.

தீர்ப்பு

ஜூன் 20, வெள்ளிக்கிழமை மதியம் மின்னஞ்சல் வந்தது. முறையீடு ஏற்கப்பட்டது. காரணம் ஒரு பக்கத்துக்குள். அந்த நேரத்துக்குரிய முழுக் கட்டணமும் செலுத்தப்பட்டிருக்கிறது, வேறு வாகனம் இடத்தில் இருந்ததாக நிறுவனம் காட்டவில்லை, இது பெரிய வகைப் பதிவுத் தவறு, அந்த வகைக்கு நெறிமுறை எதிர்பார்க்கும் குறைப்பை நிறுவனம் முதல் கட்டத்தில் கொடுத்திருக்க வேண்டும், கொடுக்கவில்லை, ஆகவே இந்த நோட்டீஸ் நிற்காது. அக்கா கட்ட வேண்டியது எதுவும் இல்லை. ஏப்ரல் பதிலில் 20 பவுண்டு என்று எழுதியிருந்தால் அந்த நிறுவனத்துக்கு அன்றே கிடைத்திருக்கும்.

தோற்றிருந்தால் என்ன செய்திருப்போம் என்று அத்தான் பிறகு கேட்டார். பாப்லா தீர்ப்பு எங்களைக் கட்டுப்படுத்தாது என்பதால் கட்டாமல் காத்திருந்திருப்போம். வசூல் கடிதங்கள் வந்திருக்கும். அப்புறம் வழக்குத் தொடரப் போவதாக, 30 நாள் அவகாசத்தோடு ஒரு கடிதம். அதற்குப் பிறகு வருவது கவுண்டி கோர்ட்டின் படிவம், அதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் சாமிப் படத்துக்குப் பின்னால் வைக்கக் கூடாது. 14 நாளுக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், சொன்னால் எதிர்வாதம் எழுத மேலும் 14 நாள் கிடைக்கும். எதுவும் செய்யாவிட்டால் கேட்காமலே எதிர்த் தீர்ப்பு. அதை ஒரு மாதத்துக்குள் கட்டித் தீர்க்காவிட்டால் ஆறு வருடம் பதிவேட்டில் நிற்கும், வீட்டுக் கடன் வாங்கப் போகும்போது கழுத்தைப் பிடிக்கும். சிறு தொகைக்கான வழக்குகளில் 2024 மே முதல் தொலைபேசி சமரசப் பேச்சும் கட்டாயம், அதற்குக் கட்டணம் இல்லை.

கோர்ட்டுக்குப் போயிருந்தால் நிறுவனம் நிச்சயம் அந்த 2015 தீர்ப்பைத்தான் நீட்டியிருக்கும். செம்ஸ்ஃபோர்டில் ஒரு கடைத்தொகுதி, இரண்டு மணி நேரம் இலவசம், ஒருவர் 56 நிமிடம் கூடுதலாக நின்றார், 85 பவுண்டு கேட்டார்கள். இடம் மற்றவர்களுக்கும் கிடைக்க வேண்டும் என்பதில் நிறுவனத்துக்கு நியாயமான அக்கறை இருக்கிறது, அதைக் காக்க அந்தத் தொகை மிகையில்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. என் வாசிப்பில் அது நேரம் தாண்டி நின்றவருக்கான தீர்ப்பு. அக்கா நேரத்துக்குள் கிளம்பினார், முழுக் கட்டணமும் கட்டினார். அங்கே காக்கப்பட்ட அக்கறையில் எதுவும் இங்கே கெடவில்லை. ஒரு மாவட்ட நீதிபதி வேறு மாதிரியும் பார்க்கலாம், அதையும் அத்தானிடம் மறைக்கவில்லை.

இந்த நெறிமுறை இன்னும் அந்தத் தொழிலே தனக்கு எழுதிக்கொண்டது. அரசாங்கம் எழுத வேண்டும் என்று 2019-இலேயே நாடாளுமன்றம் சட்டம் போட்டது. 2022 பிப்ரவரியில் அரசின் நெறிமுறை வெளிவந்தது, அதே ஆண்டு ஜூனில் நிறுவனங்கள் தொடுத்த வழக்குகளால் திரும்பப் பெறப்பட்டது. எங்கள் வழக்கு முடிந்த அடுத்த மாதம், 2025 ஜூலையில், அரசு மறுபடி கருத்துக் கேட்டது. நானும் எழுதினேன். வந்த பணத்தைத் தங்கள் பட்டியலிலேயே தேடிப் பார்த்துவிட்டு நோட்டீஸ் அனுப்பட்டும் என்று. டெர்பியில் சிக்னல் கிடைக்காமல் பணம் கட்ட ஐந்து நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொண்ட ஒரு பெண்ணிடம் 1,906 பவுண்டு கேட்டு வழக்குப் போட்டார்கள். செய்தி பரவிய பிறகு அது கைவிடப்பட்டது, 2025 பிப்ரவரியில் அந்த விதியும் மாறியது. ஊரே பேசினால்தான் ஒரு விதி மாறும் என்ற நிலை இருக்கக் கூடாது.

ஜூன் மாதக் கடைசியில் அக்கா வீட்டுக்குப் போனபோது அவர் ஃபோனை நீட்டினார். ஆப்பிலிருந்து லெஸ்டர் காரை நீக்கியிருந்தார், ஒரே எண்தான் இருந்தது. கோவிலில் தெரிந்த ஒரு அம்மா அன்று வந்திருந்தார், கையில் அதேபோல் மஞ்சள் கறுப்பு ஓரம் போட்ட கவர். அவர் அழாத குறையாகக் கதையை ஆரம்பித்தார். அக்கா அவர் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டுக் கேட்டார்: "அது பிறகு. முதல் சொல்லுங்கோ, கடிதத்தில என்ன திகதி போட்டிருக்கு?"